சார்ட்டேஸ்: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி முதலாண்டு நுண்ணுயிரியல் கையேட்டில் செல்சுவர் இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'சார்ட்டேஸ்' (sortase) என்ற நொதியின் பெயர் வந்த இடத்தில், sort என்பதை வைத்து, வரைவில் 'வகைப்படுத்து நொதி' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

அதன் வேலை இது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா தன் மேற்பரப்புப் புரதங்களின் வால்பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்திருக்கிறது: லியூசின், புரோலின், ஏதேனும் ஓர் அமினோ அமிலம், த்ரியோனின், கிளைசின். சவ்வில் இருக்கும் இந்த நொதி, கடைசி இரண்டுக்கும் நடுவே வெட்டி, வெட்டிய முனையைத் தன் 184ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் பிடித்துக்கொள்கிறது. பிறகு, சுவர் கட்டப் பயன்படும் லிப்பிடு மூலக்கூறில் நீண்டிருக்கும் ஐந்து கிளைசின்களின் நுனியில் அதைச் சேர்த்துவிடுகிறது. இதில் வகைப்படுத்துவது எங்கே வருகிறது?

*

அம்மா,

வெட்டுவதும் கட்டுவதும் ஒரே நொதி என்றால் அதற்கென்றே தமிழில் ஒரு சொல் உண்டு: தறி. மரம் தறித்தான் என்றால் வெட்டினான். பெயர்ச்சொல்லாக வந்தால் யானையையும் மாட்டையும் கட்டும் முளை. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தறித்து நட்ட மரமே தறியாயிற்று. நெசவுத்தறியும் அந்தக் கால் நட்ட வழக்கிலிருந்தே வந்திருக்கும் என்பது என் துணிபு. தறிநொதி என்று வையுங்கள். தனிமடலில் வந்த 'நங்கூர நொதி' வேண்டாம். நங்கூரம் பாரசீக வழி வந்த சொல்.

*

ஐயா,

நான் பாடம் நடத்துவது ஈரோட்டுப் பக்கம். தறி என்றால் பிள்ளைகளுக்கு விசைத்தறிதான். நேற்று ஒருவர் சொன்ன 'பிணிநொதி' அதைவிட ஆபத்து. பிணித்தல் கட்டுதல்தான், ஆனால் மாணவர் நோய் என்றே படிப்பார். இந்த நொதியை நீக்கினாலும் கிருமி ஆய்வகத்தில் வளரத்தான் செய்கிறது. எலிகளில் நோயுண்டாக்கும் திறன்தான் குறைகிறது. காரணம், தொற்றுக்கு உதவும் புரதங்கள் சுவரில் நிலைப்பதில்லை. அவற்றில் ஒன்றான புரதம் ஏ, நம் எதிர்ப்பொருளின் வாலைப் பற்றிக்கொள்கிறது. வெள்ளணு பிடிக்க வேண்டிய பிடியே அந்த வால்தான். பெயரில் பிணி இருந்தால் நொதியே நஞ்சு என்று விடைத்தாளில் எழுதுவார்கள்.

'சார்த்துநொதி' எப்படி? சுவரில் ஏணி சார்த்துவது எல்லோருக்கும் தெரியும். 1999இல் கண்டறிந்தவர்கள் சூட்டிய பெயரின் ஒலியும் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கிறது.

*

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் நொதியம், கலச்சுவர் என்றே பயின்றோம். எந்த முன்சொல்லை வைத்தாலும் பின்னால் நொதியா நொதியமா என்பதை முதலில் ஒன்றாக்க வேண்டாமா? 'இணைநொதி' என்று மட்டும் போய்விடாதீர்கள், நொதிக்குத் துணைபுரியும் மூலக்கூறான துணைநொதியோடு குழம்பும்.

*

ஏணியைச் சார்த்தினால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இங்கே உருவாவது சகப்பிணைப்பு, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான பிணைப்பு. புரதம் சுவரின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்று வேதியியலைத் தளர்த்தலாமா? விசைத்தறி தெரிந்த பிள்ளைக்குக் கட்டுத்தறியையும் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலைதானே.

*

ஐயா, அந்த வகுப்பில் எனக்குக் கிடைப்பது 45 நிமிடம். அதில் செல்சுவரின் வலைப்பொருளான பெப்டிடோகிளைக்கனையும் முடிக்க வேண்டும்.

*

எல்லோருக்கும் நன்றி. ஐவர் சார்த்துநொதி, இருவர் தறிநொதி, ஒருவர் சார்ட்டேஸ் என்றே விடச் சொன்னார். நாள் இல்லாததால் 'சார்த்துநொதி எனப்படும் சார்ட்டேஸ்' என்று எழுதி, சகப்பிணைப்பை அடுத்த வரியிலேயே விளக்கிவிட்டேன். நொதியம் பற்றித் தனி இழை தொடங்கலாம்.

*

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கவில்லை. என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்கிறேன். தொண்டை அடைப்பான் கிருமியிலும் இதே குடும்பத்து நொதி உண்டு. அது, கிருமியின் மேல் மயிர்போல் நீளும் இழைகளைக் கட்டும் பிலின் என்ற புரதம் ஒன்றின் த்ரியோனினை அடுத்த பிலினின் லைசினோடு பிணைத்துப் பிணைத்து நீண்ட இழையாக்குகிறது. அடுத்த இயலில் அது வரும்போது, சுவரோடு சேர்க்காமல் புரதத்தோடு புரதத்தைச் சேர்க்கும் அந்த இடத்தில் எதன்மேல் சார்த்தப்போகிறீர்கள்?