மறு: 'ஃபேன் ஹப்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கணினிப் பெட்டிக்குள் (கேபினட்) சூட்டைத் தணிக்கும் விசிறிகள் பலவற்றை ஒரே இடத்தில் மாட்ட உதவுவது 'ஹப்'. ஒரு கேபிளை இரண்டாகப் பிரிப்பது 'ஸ்ப்ளிட்டர்' என்ற ஒய் கேபிள். கணினி வழிகாட்டிக்காக இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'காற்றாடிப் பிரிப்பான்' என்றே வைக்கலாமே. ஸ்ப்ளிட்டர், ஹப் இரண்டுக்கும் பொருந்தும்.

மதுரை ஐயாவுக்கு: எங்கள் தண்டையார்பேட்டையில் காத்தாடி என்றால் மொட்டைமாடியில் நின்று நூல் விடுவது. தலைக்கு மேல் சுற்றுவது ஃபேன், எழுதினால் மின்விசிறி. அதனால் 'விசிறி' என்றே இருக்கட்டும், எல்லா ஊரிலும் செல்லும்.

எனக்குப் பெரிய தடை 'பிரிப்பான்'தான். இரண்டு பொருளுக்கும் ஒரே பெயர் போனால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். போன கத்திரி வெயிலில் எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். மதர்போர்டில் கேபினட் விசிறிக்கென்று இருந்தது ஒரே ஹெட்டர், அதாவது விசிறியின் கேபிளை மாட்டும் ஊசி வரிசை. விசிறியோ ஆறு. ஒரு ஒய் கேபிளின் வாலில் இன்னொன்று, அதன் வாலில் இன்னொன்று என்று கோத்து, ஆறையும் அந்த ஒற்றை ஹெட்டரில் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு விசிறியின் முதுகிலும் 0.25 ஆம்பியர் என்று ஒட்டியிருந்தது, ஆறுக்கு 1.5. பெரும்பாலான போர்டுகளில் ஒரு ஹெட்டர் தாங்குவது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். ஹெட்டர் செத்துவிட்டது, அதன் பிளாஸ்டிக் ஓரம் பழுப்பேறியிருந்தது. கடையில் அவன் ஹப் என்றுதான் கேட்டிருக்கிறான். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று கேபிளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ரெண்டும் ஒன்றில்லை. நாலு பின் விசிறியில் நாலு கம்பி: தரை, 12 வோல்ட், எத்தனை சுற்று சுற்றுகிறது என்று போர்டுக்குத் திருப்பிச் சொல்லும் கம்பி, எவ்வளவு வேகம் வேண்டும் என்று போர்டு சொல்லும் கம்பி. இந்த நாலாவதில் மோட்டாரை ஓட்டும் மின்சாரம் போவதில்லை. வினாடிக்குச் சுமார் 25,000 துடிப்புகள் போகின்றன. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அதை வைத்து விசிறி தன் வேகத்தை அமைத்துக்கொள்கிறது. ஒய் கேபிள் 12 வோல்ட்டையும் போர்டிலிருந்தே எடுக்கிறது, பாரம் முழுக்க ஹெட்டரின் தலையில். சாட்டா முனையுள்ள (பவர் சப்ளையின் ஒயரை மாட்டும் முனை) ஹப் மின்சாரத்தை நேராக பவர் சப்ளையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. போர்டிலிருந்து வாங்குவது வேகத்தைச் சொல்லும் சைகையை மட்டும்.

இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு:

ஒய் கேபிள்/ஸ்ப்ளிட்டர் – கவைவடம். கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவை. பொருளைப் பார்த்தாலே பெயர் தெரியும்.

மின்சாரத்தைத் தனியே வாங்கும் ஹப் – சைகைப் பகிர்வி.

> 'ஏவல் பகிர்வி' இன்னும் நல்ல தமிழ் அல்லவா?

கோவைத் தோழருக்கு: நானும் முதலில் அதைத்தான் எழுதிவைத்தேன். ஆனால் எங்கள் பக்கம் ஏவல் என்ற சொல் பில்லி சூனியத்தோடு சேர்ந்தே காதில் விழும். கணினி படிக்க வரும் பிள்ளைக்கு அந்த நினைவு வேண்டாம். 'சைகை' சுத்தமாக இருக்கிறது.

சொல்லைச் சோதித்தும் பார்த்தேன். அதே பையனிடம் "இது சைகையை மட்டும்தான் பகிரும்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்போ சைகை ஒயரே இல்லாத மூணு பின் ஃபேன் இதுல கன்ட்ரோல் ஆவாதாண்ணா?" என்றான். ஆகாது, 12 வோல்ட் அப்படியே கிடைப்பதால் எப்போதும் முழு வேகத்தில் இரையும். மூன்று பின் விசிறியின் வேகத்தை வோல்ட்டைக் குறைத்துத்தான் அடக்க முடியும். 'ஹப்' என்ற சொல்லிலிருந்து அவனுக்கு இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பல விசிறிகளை மாட்டினாலும் ஒன்றின் சுற்றுக்கணக்கு மட்டும்தான் போர்டுக்குப் போகும். இரண்டு கணக்கு கலந்தால் பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் போர்டின் நிரல்) தப்பான எண்ணைக் காட்டும். பல ஹப்களில் அந்தக் கணக்கை அனுப்பும் துளையைத் தனியே குறித்திருப்பார்கள். அதில் மாட்டுவதைச் 'சாட்சி விசிறி' என்கிறேன். மற்றவை நின்றுபோனாலும் போர்டுக்குத் தெரியாது என்பதையும் இந்தப் பெயரை வைத்துச் சொல்லிவிடலாம்.

துடிப்பின் நீளத்தால் வேகத்தைச் சொல்லும் அந்த முறைக்கு, அதாவது பிடபிள்யூஎம்முக்கு, பாடநூல் வழியில் 'துடிப்பகலப் பண்பேற்றம்' இருக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஹெட்டருக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'விசிறிமுனை' என்று எழுதினால், விசிறியிலிருந்து வரும் கேபிளின் நுனியா, போர்டில் நிற்கும் ஊசிகளா என்று குழப்பம் வருகிறது. 'ஊசிமேடை' என்று ஒன்று தோன்றியது, நாக்கில் நிற்கவில்லை. வழிகாட்டியின் விசிறிப் பகுதியை இந்த ஒரு சொல்லுக்காக நிறுத்திவைத்திருக்கிறேன். போர்டு சாலிடரிங் செய்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால், கடையில் நீங்கள் வாயால் சொல்வதையே எழுதி அனுப்புங்கள்.

நன்றி.