மூன்றரை வயதுக்குக் கீழே சுடக்கூடாது: தனியார் காட்டில் இந்த விதி சரியா?

பனிக்காடு:
வடமேற்குப் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். எங்கள் சாலையில் ஒரு பெரியவருக்கு 160 ஏக்கர் காடு. கருஞ்செர்ரி, மேப்பிள், மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஓக். நாலு வருஷமாக என்னோடு சேர்த்து ஐந்து பேரை அங்கே மான் வேட்டைக்கு விடுகிறார். காசு வாங்குவதில்லை. ஒரே நிபந்தனை: மூன்றரை வயது ஆகாத ஆண் மானைத் தொடக்கூடாது.

துப்பாக்கி சீசன் தொடங்கிய சனிக்கிழமை, விடிந்து அரை மணி நேரம் இருக்கும். பரணுக்கு முப்பது கஜத்தில் ஒன்று வந்து நின்றது. கொம்பில் எட்டுக் கிளை, இடது காதில் ஒரு கிழிசல். சட்டப்படி சுடலாம். ஆனால் கால் நீளமாகத் தெரிந்தது, இடுப்பு ஒட்டியிருந்தது, கழுத்து இன்னும் தடிக்கவில்லை. இரண்டரை வயதுதான். துப்பாக்கியை இறக்கிவிட்டேன். திங்கட்கிழமை பக்கத்து நிலத்துக்காரர் வண்டியின் பின்னால் அதே கிழிந்த காதைப் பார்த்தேன்.

‘இந்த விதியால் என்ன பிரயோஜனம், நீ விட்டதை அடுத்தவன் எடுக்கப்போகிறான்’ என்கிறார்கள் கூட வருபவர்கள். விதி சரி என்பதுதான் என் கட்சி. 2002 வரை இந்த மாநிலத்தில் சுடப்பட்ட ஆண் மான்களில் பத்துக்கு எட்டு ஒன்றரை வயதுக் குட்டிகள். முழுசாக வளர்ந்த ஆணைக் காட்டில் பார்ப்பதே அபூர்வம். அந்த வருஷம்தான் ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளை, மேற்கு மாவட்டங்களில் நாலு கிளை இருக்கவேண்டும் என்ற விதி வந்தது. அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசிய மான் ஆய்வாளர் கேரி ஆல்ட், குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போன நாட்களும் உண்டு. எங்கள் பெரியவர் செய்வது அதற்கு மேல் ஒரு படி.

வேம்படி:
மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இளசை விட்டுவிட்டு முதிர்ந்ததைச் சுடுவதை ஏதோ கருணை மாதிரி எழுதுகிறீர்கள். நாலைந்து குளிர்காலத்தைத் தாண்டி, ஒவ்வொரு நவம்பரும் உங்களைப் போன்றவர்களிடம் தப்பி வந்த உயிர் அது. அதன் கொம்பு பெரிது என்பதைத் தவிர வேறு என்ன காரணம்? சாப்பாட்டுக்கு என்றால் எந்த மானும் ஒன்றுதானே?

மலைத்தடம்:
வேம்படி கேட்டது சரியான கேள்வி. ஆனால் பதில் அவர் நினைக்கும் பக்கம் இல்லை.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பகுதிக் காடுகளில் வெட்டுமரம் குறிக்கும் வேலை செய்கிறேன். பனிக்காடு, அடுத்த தடவை பரணிலிருந்து இறங்கியதும் தரையைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குப் பெரணி மட்டும் பாய் விரித்த மாதிரி இருக்கும். ஓக் கன்று இருக்காது. ட்ரில்லியம் என்ற காட்டுப் பூச்செடி இருக்காது. ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் கிளையெல்லாம் ஒரு ஆள் மார்பு உயரம் வரை கத்தரித்துவிட்டது போல இருக்கும். மான் விரும்பித் தின்பது போய், அது தொடாத பெரணியும் பீச் மரக் கன்றும் மிஞ்சியிருக்கின்றன. செர்ரி நிற்பதற்கும் அதுதான் காரணம், மான் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. ஒரு காட்டில் எட்டடி உயரத்துக்கு வேலி போட்ட சின்னத் துண்டு ஒன்று உண்டு. உள்ளே மேப்பிள் கன்று தோள் உயரம், வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. மண் ஒன்று, மழை ஒன்று.

ஆண் மானின் வயதை வைத்து எத்தனை விதி போட்டாலும் இது மாறாது. ஒரு ஆண் பல பெண் மான்களோடு சேரும். நன்றாக வளர்ந்த பெண் மான் வழக்கமாக இரட்டைக் குட்டி போடும். எண்ணிக்கை குறையவேண்டும் என்றால் பெண் மானைத்தான் எடுக்கவேண்டும். இந்த மாநிலத்தில் 1907-ல் பெண் மானைச் சுடத் தடை வந்தது. அப்போது மானே அழியும் நிலை, அதனால் அது நியாயம். ஆனால் ‘பெண் மானைச் சுடுவது பாவம்’ என்ற பேச்சு தாத்தாவிடமிருந்து பேரனுக்கு அப்படியே இறங்கிவிட்டது. உங்கள் ஐந்து பேரும் நாலு வருஷத்தில் எத்தனை பெண் மான் எடுத்தீர்கள்?

பனிக்காடு:
மொத்தம் மூன்று. அதில் ஒன்று என்னுடையது.

மலைத்தடம்:
160 ஏக்கருக்கு, ஐந்து பேருக்கு, நாலு வருஷத்தில் மூன்று. அப்படியானால் நீங்கள் காட்டைப் பராமரிக்கவில்லை, கொம்பை வளர்க்கிறீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் இதை மெதுவாகச் சொல்லவும் எனக்கு மனசில்லை.

வேம்படி:
ஓநாய் இருந்தபோது யாரும் கணக்குப் போடவில்லை.

மலைத்தடம்:
உண்மை. அங்கே ஓநாய் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. திரும்ப வந்தால் நான் சந்தோஷப்படுவேன். வரும்வரை ஓக் காத்திருக்காது.

செம்மண்காரன்:
டெக்சாஸிலிருந்து. இங்கே நிலத்தில் நூற்றுக்கு 95-க்கு மேல் தனியார் கையில். வேட்டை என்றாலே குத்தகைதான். பணம் கட்ட முடிந்தவனுக்குப் பரண், முடியாதவனுக்கு வேலிக்கு வெளியே நிற்கும் பாக்கியம். நிலக்காரர் வயதுக் கணக்கு வைத்து ஆண் மான்களைச் ‘சேமிக்கும்போது’ அது பொதுச்சொத்து என்பதே மறந்துபோகிறது. அமெரிக்கச் சட்டப்படி காட்டு மான் நிலக்காரருடையது இல்லை, மக்களுக்காக மாநிலம் வைத்திருப்பது. நிலக்காரர் கையில் இருப்பது வாசல் மட்டும்.

பனிக்காடு, உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் தப்பு எதுவும் செய்யவில்லை. ஒரு முதிர்ந்த ஆண் மான் சுற்றும் பரப்பு சுமார் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். இளம் ஆண்களில் பாதிக்கு மேல் பிறந்த இடத்தை விட்டே போய்விடும். 160 ஏக்கரில் அதைக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பதே கணக்குப் பிழை. நாலைந்து நிலக்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசினால் மட்டும்தான் அந்த விதிக்கு அர்த்தம்.

பனிக்காடு:
பொதுச்சொத்து என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் காசு வாங்காத ஒருவரைப் பற்றி எழுதினேன். ஆனால் வயது விதி கொம்புக்காக மட்டும் என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். எல்லா ஆணையும் ஒன்றரை வயதில் எடுத்துவிட்டால் இனச்சேர்க்கைக் காலம் இழுத்துக்கொண்டே போகும், குட்டிகள் பிந்திப் பிறக்கும் என்பது ஆல்ட் சொன்ன காரணங்களில் ஒன்று.

அப்புறம், வயதைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் நான் மானையே பார்க்க ஆரம்பித்தேன். முதல் வருஷம் சுட்ட பெண் மானின் தாடையைப் பெரியவர் கழுவிக் கையில் கொடுத்தார். கடைவாய்ப் பற்களில் முன்பக்கத்திலிருந்து மூன்றாவது பல். குட்டியாக இருந்தால் அதில் மூன்று முகடு, ஒன்றரை வயதுவாக்கில் அது விழுந்து இரண்டு முகடுள்ள பல் முளைக்கும். ‘இவளுக்கு மூணு இருக்கு பார்’ என்றார். வளர்ந்தது என்று நினைத்துக் குட்டியைச் சுட்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அதற்கு அப்புறம் அவசரப்பட்டு விசையைத் தொட்டதில்லை.

வேம்படி:
இதைச் சொன்னதற்கு நன்றி. எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் இப்படிப் பார்ப்பவரோடு பேச முடியும்.

மலைத்தடம்:
ஒன்று விட்டுப்போச்சு, அதுதான் எனக்குப் பெரிய கவலை. மானின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் பென்சில்வேனியாவில் 2012-ல் முதலில் தெரிந்தது. மருந்து இல்லை, வந்தால் சாவுதான். முதிர்ந்த ஆண்களிடம்தான் அதிகம், விஸ்கான்சினில் பெண் மான்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதிர்ந்த ஆணை நிறைய வைத்திருப்பது ஆரோக்கியத்தின் அடையாளம் என்று 2002-ல் சொன்னது, நோய் வந்த இடத்தில் அப்படியே செல்லாது. உங்கள் பகுதி நோய் எல்லைக்குள் வருகிறதா என்று மாநில வேட்டை ஆணையத்தின் வரைபடத்தில் பாருங்கள். வந்தால் இந்த விதியைப் பெரியவர் கைவிடவேண்டும்.

பனிக்காடு:
நேற்று மாலை பெரியவரிடம் இந்தத் திரியை வாசித்துக் காட்டினேன், ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி. ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் சின்ன வயதில் மேட்டுப் பக்கம் வசந்தத்தில் ட்ரில்லியம் வெள்ளை வெளேரென்று இருக்குமாம். எப்போது நின்றது என்று அவருக்கே நினைவில்லை.

வரைபடம் பார்த்தோம், இப்போதைக்கு நோய் எல்லைக்கு வெளியேதான். வயது விதியை விடமாட்டார், எனக்கும் விட மனசில்லை. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து பெண் மான் ஒன்று எடுத்தவருக்குத்தான் ஆண் மான் என்று சொல்லிவிட்டார். கூடுதல் பெண் மான் சீட்டுக்கு, அதுதான் டிமேப், வரும் கோடையில் விண்ணப்பிக்கிறோம். சீசன் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, சனிக்கிழமை நானும் போகிறேன், பெண் மானுக்கு மட்டும். எங்கள் வீட்டுக்கு ஒன்று போதும், மிஞ்சினால் ஏழைகளுக்கு இறைச்சி கொடுக்கும் திட்டத்துக்குப் போகும்.

மலைத்தடம், அந்த எட்டடி வேலியை எங்கே போடுவது?

மலைத்தடம்:
மேட்டில், பெரிய ஓக் மரம் பக்கத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்து. முப்பதடிக்கு முப்பதடி போதும். கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் நடுவே சந்து விடாதீர்கள், குட்டி நுழைந்துவிடும். உள்ளே இருக்கும் பெரணியை முதல் வருஷமே அறுத்துவிடுங்கள், இல்லையென்றால் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்காது. போட்டதும் ஒரு படம் போடுங்கள்.