அடுத்த மாதத்துக்கு ஒரு சின்ன நாவல் சொல்லுங்களேன்

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் 9 பேர் சேர்ந்து வாசிப்புக் குழு நடத்துகிறோம். மாதக் கடைசி ஞாயிறு மாலை 5 மணி, எங்கள் மொட்டை மாடி. ஆரம்பித்து எட்டு மாதம். இப்போது பாதிப் பேர் படிக்காமலேயே வருகிறார்கள், பேச்சு பத்தே நிமிடத்தில் மழைநீர் வடிகாலுக்குப் போய்விடுகிறது. போன மாதம் நான்கே பேர், பஜ்ஜிதான் மிச்சம்.

முதலில் வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைத்தோம். 'பொன்னியின் செல்வன்' ஜெயித்தது. ஐந்து பாகம்! முதல் பாகத்தைத் தாண்டியவர்கள் இரண்டு பேர் (நான் இல்லை). பிறகு சீட்டுக் குலுக்கினோம், யாருக்கும் பிடிக்காத புத்தகமே வந்தது. ஆளுக்கொரு சிறுகதை என்றதும் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

உருப்படியாக நடந்தது ஒரே கூட்டம், அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்த மாதம். சின்ன நாவல், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம். 68 வயது அக்கா ஒருவர், 2019 கோடையில் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அடையாளத்துக்கு அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய கதையைச் சொன்னார். இரவு எட்டு வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

குழுவில் பிளஸ் டூ பையனும் உண்டு, 72 வயதுப் பெரியவரும் உண்டு. அவருக்குப் பொடி எழுத்து ஆகாது. புத்தகம் 200 ரூபாய்க்குள், கடையில் ஒன்பது பிரதி கிடைப்பதாக இருக்க வேண்டும்.

150 பக்கத்துக்குள், படித்தவர்கள் வாயை மூட முடியாத ஒரு தமிழ் நாவல் எது?