ஜேஎன்கே2 இல்லாத எலியில் ரிசெப்டார் கூடுகிறது, படிவு குறைகிறது, எப்படி?

கேள்வி (முதுகலை மாணவி):
ஜர்னல் கிளப்புக்காக 2004-ல் சயன்ஸ் இதழில் வந்த ஜேஎன்கே2 கட்டுரையைப் படிக்கிறேன். ஜேஎன்கே2 என்பது மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் ஒரு கைனேஸ் என்சைம். ரத்தக் கொழுப்பை அகற்ற உதவும் ஏபோஇ புரதம் இல்லாத எலிகளில் இந்தக் கைனேஸையும் நீக்கினால் தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு குறைகிறது, அதே வகையைச் சேர்ந்த ஜேஎன்கே1-ஐ நீக்கினால் அப்படிக் குறைவதில்லை, அதுவரை சரி. ஆனால் ஜேஎன்கே2 இல்லாத மேக்ரோஃபேஜில் (விழுங்கும் வெள்ளையணுவில்) எஸ்ஆர்-ஏ என்ற ரிசெப்டார், அதாவது செல்லின் மேல் இருக்கும் பிடிப்புப் புரதம், அதிகமாக இருக்கிறதாம். மாறிப்போன எல்டிஎல்லை (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகளை) பிடிப்பதே அதுதானே, அது கூடினால் கொழுப்பை விழுங்கி உப்பிய நுரைச் செல்களும் கூடத்தானே வேண்டும்? இரண்டு நாளாக இங்கேயே நிற்கிறேன்.

பதில் 1:
எஸ்ஆர்-ஏ எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு அதன் மேல் எவ்வளவு பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஜேஎன்கே2 போனதும் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எல்டிஎல்லைப் பிடித்தால் மட்டும் போதாது, உள்ளே இழுத்துப் போய்ச் சிதைக்கவும் வேண்டும், அந்த வேலைதான் அங்கே தடைப்படுகிறது. வாசலில் ஆள் நிறைய நிற்கிறார்கள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகத்தான் ஆளில்லை. அப்புறம், மேக்ரோஃபேஜில் மட்டும் ஜேஎன்கே2-ஐ நீக்கினாலே படிவு குறைந்ததே, அந்தப் படத்தைக் கட்டாயம் காட்டுங்கள், கட்டுரையின் உயிரே அதுதான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஜேஎன்கே என்றாலே கெட்டது என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். 2016-ல் வந்த ஒரு ஆய்வில், எல்டிஎல் ரிசெப்டார் இல்லாத எலிகளுக்கு ஜேஎன்கே1 இல்லாத ரத்த மூலச் செல்களைக் கொடுத்தபோது அவற்றிலிருந்து வந்த மேக்ரோஃபேஜ்கள் சாகாமல் தங்கி, படிவு கூடிவிட்டது. எஸ்பி600125 போன்ற தடுப்பான்களோ ஜேஎன்கே1, 2, 3 என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் தடுப்பவை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

பதில் 3:
நான் இந்தத் துறை இல்லைங்க. அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். கைனேஸைத் தடுத்து அடைப்பைக் குறைக்கிற மாத்திரை ஏதாவது வந்திருக்கிறதா?

பதில் 2:
இதற்கென்று இன்னும் எதுவும் நடைமுறைக்கு வரவில்லைங்க. ஜேஎன்கேயின் பங்காளியான பி38 கைனேஸைத் தடுக்கும் லோஸ்மாபிமோடை மாரடைப்பு வந்தவர்களிடம் 12 வாரம் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். 3,503 பேர் பங்கேற்ற பெரிய சோதனை. சிஆர்பி என்ற அழற்சி அளவு குறைந்தது, மறுபடி மாரடைப்பு வருவது குறையவில்லை. அப்பாவுக்கு எழுதிக்கொடுத்திருக்கும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டினையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
வாசல் உதாரணத்தில்தான் புரிந்தது, நன்றி. ஜேஎன்கே1 முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன்.