ஷார்ஜாவில் பள்ளி வேலை, கூடவே ட்யூஷன்: எது செல்லும், என்னென்ன பேப்பர் வேணும்?

மார்த்தாண்டம்_டீச்சர்

ஷார்ஜாவில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி விசா. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் லீவு. இப்போ மூணு வழி இருக்கு. ஒண்ணு, நான் இருக்கிற பில்டிங் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ட்யூஷன். ரெண்டு, ஒரு இன்ஸ்டிட்யூட் சனிக்கிழமை நாலு மணி நேரம் கேக்குது. "பெர்மிட் ஒண்ணும் வேண்டாம், காசு கையில தாறோம்"னு சொல்றாங்க. மூணு, ஊரில், குமரி மாவட்டத்துக் கருங்கல், புதுக்கடை பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ். எதை எடுக்கலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்கலைக்காரன்

டீச்சர், ரெண்டாவதை இன்னைக்கே விட்டுருங்க. பெர்மிட் இல்லாம ஆள் வச்சா முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹத்திலிருந்து 10 லட்சம் திர்ஹம் வரைக்கும் அபராதம்னு 2024-ல் சட்டத்தைத் திருத்தியாச்சு. அபராதம் அவருக்குன்னாலும் உங்க விசாவுக்கும் சேதாரம் வரும். அவர் நிஜமாவே உங்களை எடுக்கணும்னா, பகுதி நேர வேலை பெர்மிட்டுக்கு அவரே மனிதவள அமைச்சகத்தில் விண்ணப்பிக்கணும். "அதெல்லாம் வேண்டாம்"னு சொல்ற இடத்தில் சம்பளம் நின்னு போனாலும் நீங்க புகார் கொடுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையே.

வீட்டு ட்யூஷனுக்கு நேர்வழி இருக்கு. 2023 டிசம்பரில் அமீரகம் தனியார் ஆசிரியர் வேலை பெர்மிட்டைக் கொண்டு வந்தது. கட்டணம் இல்லை, 2 வருஷம் செல்லும். அந்த மனிதவள அமைச்சகத்தின் (சுருக்கமா மோஹ்ரே) ஆப்பிலோ இணையதளத்திலோ போடலாம். பள்ளியில் வேலை பார்க்கிறவங்க கொடுக்க வேண்டியது: பாஸ்போர்ட் அல்லது எமிரேட்ஸ் ஐடி நகல், பள்ளி கொடுக்கும் என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம்), நன்னடத்தைச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, அனுபவச் சான்று இருந்தா அது, வெள்ளைப் பின்னணியில் போட்டோ. நடத்தை விதிகளில் கையெழுத்தும் போடணும். அதை வாசிக்காம போட்டுடாதீங்க.

முடிவு 5 வேலை நாளில் வரும். ஆனா நிராகரிச்சா 6 மாசம் கழிச்சுதான் மறுபடி போட முடியும். நிறைய பேர் சறுக்கிற இடம் இதுதான்: என்ஓசி அப்புறம் தாறேன்னு பள்ளி சொன்னதை நம்பி, கையில இருக்கிற பேப்பரை மட்டும் ஏத்திவிடுறது. எல்லாம் கைக்கு வந்த பிறகு ஒரே தடவையா போடுங்க. நன்னடத்தைச் சான்றைக் கடைசியா எடுங்க, முதல்லயே எடுத்தா மத்தது சேருறதுக்குள்ள பழசாயிடும். பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிச்சு எழுதியிருக்கும், ஐடியில வேற மாதிரி இருக்கும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது தீராத தலைவலி. எல்லாப் பேப்பரிலும் பெயர் ஐடியில் உள்ளபடியே இருக்கட்டும்.

இன்னொண்ணு, இந்தப் பெர்மிட் ஆளுக்குத்தான், இடத்துக்கு இல்லை. தனியாகவோ சின்னக் குழுவாகவோ நீங்க சொல்லிக் கொடுக்கலாம். போர்டு மாட்டி, இன்னொரு டீச்சரைச் சம்பளத்துக்கு வச்சா அது சென்டர். அதுக்கு லைசென்ஸ் வேற.

மார்த்தாண்டம்_டீச்சர்

ரொம்ப நன்றி. எங்க பிரின்சிபால் என்ஓசி தர யோசிக்கிறாங்க. என்ஓசி இல்லாம பகுதி நேர பெர்மிட்டில் போக முடியுமா?

இரணியல்_கணக்கு

2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி பகுதி நேர பெர்மிட்டுக்கு முதல் முதலாளியின் சம்மதம் தேவையில்லை, உண்மைதான். ஆனா அதை வச்சுப் பள்ளிக்குத் தெரியாம நடத்திடலாம்னு கணக்குப் போடாதீங்க. ஆசிரியரா எடுக்க அந்த எமிரேட்டின் கல்வி ஆணையமும் ஒப்புக்கணும். அங்கே உங்க பேர் ஏற்கெனவே பள்ளியின் கீழே கிடக்கும். உங்க பள்ளி ஒப்பந்தத்தில் வெளி வேலை பற்றி ஒரு வரி இருக்கும், முதல்ல அதைத் தேடி வாசிங்க.

பிரின்சிபால் தயங்குறது பெரும்பாலும் ஒரே காரணத்துக்கு: தன் வகுப்புப் பிள்ளைகளையே டீச்சர் ட்யூஷனுக்கு இழுத்திடுவாங்களோன்னு. அதனால என்ஓசி கேக்கும் கடிதத்திலேயே "இப்பள்ளி மாணவர்களுக்கு ட்யூஷன் எடுக்க மாட்டேன், பள்ளி நேரத்துக்கு வெளியே மட்டும்"னு எழுதுங்க. பில்டிங்கில் உங்க பள்ளிப் பிள்ளைகள் இருந்தா அவங்களை விட்டுடுங்க. ஏப்ரலில் தொடங்கும் பள்ளின்னா, அடுத்த வருஷம் தொடர்றீங்களான்னு ஜனவரி, பிப்ரவரியில் கேப்பாங்க. அப்போ கேட்டா காரியம் நடக்கும்.

நாகர்கோவில்_ஆடிட்

மூணாவது வழியைப் பத்தி யாரும் பேசல. இங்கே சிக்கல் பணம் வரும் பாதையில்.

என்ஆர்ஐ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்) ஆன பிறகு ஊரில் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வச்சிருக்கக் கூடாது, என்ஆர்ஓ (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக்கணும். கருங்கல்லில் இருந்து பெற்றோர் அனுப்புற ரூபாய் என்ஆர்ஓவுக்குத்தான் வரணும். என்ஆர்இ கணக்கு வெளிநாட்டில் சம்பாதிச்ச பணத்துக்கு, அதில் உள்ளூர் ரூபாயைப் போடக் கூடாது. அமீரக மொபைல் எண்ணிலேயே என்ஆர்ஓவை யுபிஐயில் இணைக்கலாம், ஆனா எல்லா வங்கியும் தருவதில்லை, கிளையில் கேட்டுக்கோங்க. அம்மா கணக்கில் ஜிபே வாங்குறது எல்லாரும் செய்றதுதான். அப்படி வாங்கினாலும் வருமானம் உங்களுடையது, அம்மாவுடையது ஆகாது.

இந்தியக் கணக்கில் நேரா வந்து விழுந்த ஃபீஸுக்கு இந்தியாவில் வரி உண்டு, நீங்க ஷார்ஜாவில் உக்காந்து பாடம் எடுத்தாலும். "12 லட்சம் வரை வரி இல்லையே"னு கேப்பீங்க. அது தள்ளுபடி, இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் என்ஆர்ஐக்கு 4 லட்சம் வரைதான் வரி கிடையாது, அதுக்கு மேலே 8 லட்சம் வரை 5 சதவீதம். வாடகை, என்ஆர்ஓ வட்டி எல்லாம் சேர்த்துத்தான் இந்த 4 லட்சம். என்ஆர்ஓ வட்டியில் வங்கி 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிச்சுக்கும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

நேரம் உங்களுக்குச் சாதகம். ஊரில் 6 மணின்னா அங்கே 4.30. வாட்ஸ்ஆப் கால் அங்கே எடுக்காது, ஜூம் அல்லது கூகுள் மீட் வச்சுக்கோங்க. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிஷத்தில் அறுந்திடும், கணக்குப் பாடத்துக்கு அது பத்தாது. விபிஎன் பக்கம் போகவே வேண்டாம்.

குளச்சல்_கடற்காற்று

குவைத், சவுதியில் இருக்கிற நம்மாளுங்களும் இதை வாசிப்பாங்க. குவைத்தில் 2024 ஜனவரி முதல் அரசின் சஹல் ஆப் வழியா பகுதி நேர அனுமதி: ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 மணி நேரம், முதல் முதலாளி ஒப்புக்கணும். ஒரு மாசத்துக்கு 5 தினார், மூணு மாசத்துக்கு 10, ஆறுக்கு 20, வருஷத்துக்கு 30. சவுதியில் ஸ்பான்சரை விட்டு வேறொருத்தரிடமோ சொந்தக் கணக்கிலோ வேலை பார்க்கிறது தொழிலாளர் சட்டம் 39-ஆம் பிரிவில் தடை. அமீரகத்துப் பெர்மிட் கதையை அங்கே நம்பி இறங்காதீங்க.

தக்கலைக்காரன்

எய்டட் பள்ளியில் லீவு போட்டுட்டு வந்தவங்க இருந்தா ஒரு வார்த்தை: ஊர் வேலை இன்னும் உங்க பேரில்தான் இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009, 28-ஆம் பிரிவு ஆசிரியர் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ்னு வாட்ஸ்ஆப்பில் நோட்டீஸ் சுத்தினா அது முதல்ல போய்ச் சேர்றது உங்க கரெஸ்பாண்டென்ட் போனுக்குத்தான். லீவு ஆர்டரில் வெளிநாட்டு வேலை பற்றி என்ன நிபந்தனை போட்டிருக்குன்னு எடுத்துப் பாருங்க.