பொருள்: மூச்சடக்கும்போது வயிறு வெட்டி இழுப்பதற்கு என்ன சொல்?

வணக்கம்.

மூச்சடக்கி முக்குளிப்போருக்கான கரைப்பயிற்சிக் கையேட்டில் பெரும்பாலான சொற்கள் படிந்துவிட்டன. 'உலர் பயிற்சி' வேண்டாம், 'கரைப்பயிற்சி' போதும் என்பதில் இதுவரை மறுப்பு வரவில்லை. 'ஆப்னியா'வுக்கு மூச்சடக்கம். கும்பகம் என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பிராணாயாமத்தில் பூரகம் (இழுத்தல்) 16, கும்பகம் (அடக்கல்) 64, ரேசகம் (விடல்) 32 என்ற மாத்திரைக் கணக்கோடு வாழும் சொல். எல்லை வரை அடக்கிப் பார்க்கும் பயிற்சிக்கு அதை இழுத்துவந்தால் இரண்டு துறைக்காரர்களும் குழம்புவார்கள். 'தம் கட்டுதல்' பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 'தம்' என்றால் இப்போது சிகரெட்டும்தான். நுரையீரல் பற்றிய கையேட்டில் அது வேண்டாம்.

சிக்கல் 'கன்ட்ராக்‌ஷன்' என்ற ஒரே சொல்லில். வரைவில் 'உதரவிதானச் சுருக்கம்' என்று இருக்கிறது (உதரவிதானம்: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை). எனக்கு ஒப்பவில்லை. நாம் இழுக்கும் ஒவ்வொரு சாதாரண மூச்சுமே உதரவிதானச் சுருக்கம்தானே? போதாக்குறைக்கு, கட்டுரைச் சுருக்கம், தோல் சுருக்கம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. மாற்று சொல்லுங்கள்.

———

> மாற்று சொல்லுங்கள்

சொல்லைத் தேடுமுன் நடப்பதைச் சரியாகச் சொல்லிவிடுவோம். நுரையீரல் நிரம்ப இழுத்து அடக்கியதும் கொஞ்ச நேரம் எந்தத் தொந்தரவும் இல்லை. தமனி ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் இயல்பான 40 மி.மீ. பாதரசத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் மூளைத்தண்டிலுள்ள மூச்சு மையம் நம்மைக் கேட்காமலேயே 'இழு' என்று உதரவிதானத்துக்குக் கட்டளை அனுப்புகிறது. குரல்வளை மூடியிருப்பதால் காற்று வராது, தசை மட்டும் வெட்டும். விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்தால் தட்டுவது தெரியும். முதலில் விட்டுவிட்டு வரும், பிறகு நெருங்கும், கடைசியில் சில விநாடிகளுக்கு ஒன்று.

ஆகவே சொல்லுக்கு மூன்று தகுதி வேண்டும். தானாக நடப்பது என்று காட்ட வேண்டும். எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். முதலாவது, பத்தாவது என்று பயிற்சியில் எண்ணுகிறோம். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கக் கூடாது.

'விக்கல்' ஆகாது. விக்கலில் காற்று உள்ளே பாயத் தொடங்கிய பிறகு குரல்வளை சட்டென்று மூடுகிறது. இதில் முதலிலிருந்தே மூடியிருக்கிறது. 'துடிப்பு' என்றால் இதயத்தோடு மோதும். மூச்சடக்கத்தில் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போகும்போது உதரவிதானத் துடிப்பு கூடும் என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் நின்றுவிடுவார். 'வெற்றிழுப்பு' என்று பரிந்துரைக்கிறேன்: காற்று வராத வெறும் இழுப்பு.

———

வெற்றிழுப்பு அழகான சொல்தான் ஐயா. ஆனால் 'இழுப்பு' என்றால் வீட்டில் எல்லாருக்கும் ஆஸ்துமாதான் நினைவுக்கு வரும். 'இழுப்பு வந்த பிறகும் 30 விநாடி தாங்கு' என்று கையேட்டில் படித்துவிட்டு இழுப்பு நோய் உள்ள ஒருவர் முயன்றால் யார் பொறுப்பு?

'காற்றுப்பசி' என்று இன்னொருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். மேலே சொன்ன மூன்றாவது தகுதியில் அது விழுகிறது. முதல் வெட்டு வரும்போது விரல்மானியில் (விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) ஆக்சிஜன் செறிவு பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கு மேல்தான் நிற்கும். இன்னும் தெளிவான சான்று வேண்டுமானால், குரோவேஷியாவின் புடிமிர் ஷோபாத் 2021 மார்ச்சில் தூய ஆக்சிஜனை முன்கூட்டி சுவாசித்துவிட்டு 24 நிமிடம் 37 விநாடி அடக்கினார். வெறும் காற்றில் பிரான்சின் ஸ்தெஃபான் மிஃப்சூத் 2009இல் செய்தது 11 நிமிடம் 35 விநாடி. தூய ஆக்சிஜனோடு அடக்கும்போது உடம்பில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. அப்போதும் கரியமில வாயு ஏறும், வயிறு வெட்டும். பசி என்ற சொல் இதற்கு எப்படிப் பொருந்தும்?

என் பரிந்துரை 'உதைப்பு'. 'வயிறு உதைக்குது' என்று சொல்ல யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். முதல் உதைப்பு, உதைப்பு இடைவெளி, உதைப்பு எண்ணிக்கை என்று எல்லா வடிவத்துக்கும் வளைகிறது.

———

> என் பரிந்துரை 'உதைப்பு'

நல்ல சொல். ஒரு தடை: துடுப்புக் காலணியால் நீரைத் தள்ளுவதையும் 'உதை' என்று எழுதியிருக்கிறோம். 'மேலேறும்போது உதைப்பைக் குறை' என்று இருந்தால் வயிற்றையா, காலையா?

———

அது காலின் பக்கம் செய்த தவறு. நீச்சலில் தமிழர் எப்போதும் காலை அடிப்பதுதான் வழக்கம், 'கால் அடித்து நீந்து' என்கிறோம். அங்கே 'துடுப்படி' என்று மாற்றினால் உதைப்பு விடுதலையாகிவிடும்.

நீண்ட வடிவம் வேண்டுமென்றால் 'உதரவிதான உதைப்பு'. தயவுசெய்து 'மூச்சுதைப்பு' என்று புணர்த்திவிடாதீர்கள். மூச்சை ஊசி நூலால் தைப்பதாகத்தான் படிக்கத் தோன்றும்.

இனி இந்தச் சொல் எங்கெல்லாம் வேலை செய்ய வேண்டுமோ அங்கே வைத்துப் பார்க்கிறேன். 4 நிமிடம் அடக்கக்கூடியவரின் அட்டவணை:

ஓய்விறங்கு அட்டவணை (கரியமில வாயு அட்டவணை என்று வழங்குவது). ஒவ்வொரு சுற்றிலும் அடக்கம் உச்சத்தில் பாதி, அதாவது 2 நிமிடம். முன்னோய்வு 2:00, 1:45, 1:30 என்று 15 விநாடி இறங்கி எட்டாவது சுற்றில் 0:15. மொத்தம் 25 நிமிடம். முதல் சுற்றுகளில் உதைப்பே வராமல் போகலாம். ஐந்தாவதுக்கு மேல் கட்டாயம் எதிர்பார்க்கலாம். இரண்டாவதிலேயே வந்தால் ஓய்வில் ஒழுங்காகத் தளரவில்லை, அல்லது குறித்த உச்சம் மிகை.

அடக்கேறு அட்டவணை (ஆக்சிஜன் அட்டவணை). ஓய்வு எப்போதும் 2 நிமிடம். அடக்கம் 1:25இல் தொடங்கி 15 விநாடி ஏறி எட்டாவதில் 3:10, உச்சத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு. பழைய பெயரைக் கேட்டு ஆக்சிஜனை ஏற்றும் அட்டவணை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆக்சிஜன் இறங்கிய நிலையைத் தாங்கப் பழக்குவது அது. இரண்டையும் ஒரே நாளில் செய்யக் கூடாது.

உதைப்பு அட்டவணை. கடிகாரத்துக்குப் பதில் உடம்பே தொடக்கக் குறி. முதல் உதைப்பு வரை அடக்கு, அதன்பின் 30 விநாடி நில், ஒரே ஒரு மூச்சு, மறுபடி அடக்கு. ஆறு சுற்று. இந்த வரியை 'சுருக்கம்' போட்டு எழுதிப் பார்த்தேன், தேறவில்லை.

மூன்றுக்கும் வயிறு காலியாக இருக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும்.

உதைப்பின்போது புதியவர் செய்யும் பிழை தொண்டையை இறுக்குவது. இறுக்கினால் தோளும் கழுத்தும் சேர்ந்து விறைத்து, ஒவ்வோர் உதைப்பும் தொண்டையில் வந்து மோதும்; எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பார். நாக்கைத் தளரவிட்டு, அடிவயிற்றைத் தளர்த்தி, உதைப்பை வந்துபோக விட்டால் அதே எண்ணிக்கை பாதி வலிக்காது. கைமுட்டி மூடியிருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலே போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

———

கையேட்டில் ஒன்று தடித்த எழுத்தில் வர வேண்டும். உதைப்பை எரிபொருள் முள்ளைப் போல நம்பக் கூடாது. தொடக்கத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு கழுவிப் போய்விடும். ஆக்சிஜனோ கூடுதலாகச் சேராது, ஹீமோகுளோபின் முன்பே ஏறக்குறைய நிறைந்திருக்கிறது. விளைவு, முதல் உதைப்பு தள்ளிப்போகும், அதற்குள் ஆக்சிஜன் தாழ்ந்திருக்கும். நாலைந்து உதைப்பிலேயே, சிலசமயம் ஒன்றுகூட வராமலேயே, நினைவு போகும். 'இன்று உதைப்பு தாமதமாக வந்தது, நான் முன்னேறிவிட்டேன்' என்பது ஆபத்தான கணக்கு. முன்மூச்சு எப்படி இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். விரல் நுனி குளிர்ந்து நமநமத்தாலோ தலை லேசாகச் சுற்றினாலோ அந்தச் சுற்றைத் தொடங்காமல் நிறுத்து.

விரல்மானியும் பின்தங்கும். குருதிக் குழாய்கள் கை கால்களில் சுருங்குவதால் விரலில் காட்டும் எண் அரை நிமிடமோ அதற்கு மேலோ பழையது. மிகக் குறைந்த எண், மூச்சு விட்ட பிறகுதான் திரையில் வரும். அந்த எண்ணைப் பார்த்து இன்னும் அடக்கலாம் என்று முடிவெடுக்கக் கூடாது.

காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டு அடக்கும் பயிற்சி தனி. அதில் உதைப்பு சீக்கிரம் வரும், வலுவாகவும் வரும். நெஞ்சறைக்குள் எதிர்மறை அழுத்தம் (உறிஞ்சும் அழுத்தம்) கூடி நுரையீரலின் நுண்குழாய்கள் கசியும் அபாயம் இருப்பதால், புதியவர்கள் முதல் உதைப்போடு நிறுத்திவிட வேண்டும்.

இடம்: மெத்தை அல்லது பாய், படுத்த நிலை. குளியல் தொட்டியில், வண்டி ஓட்டும்போது ஒருபோதும் இல்லை. நடந்துகொண்டே அடக்குவதென்றால் புல்தரையில், பக்கத்தில் ஆளோடு. முடிந்ததும் காற்றை முழுக்க ஊதித் தள்ளாமல் கொஞ்சம் விட்டு, ஆழ இழுத்து, ஒரு விநாடி நிறுத்தி, மறுபடி. குறைந்தது மூன்று முறை. 'மீட்புமூச்சு' என்ற சொல் அதற்குச் சரியாகவே இருக்கிறது.

———

சொற்பட்டியலுக்கான பதிவு, திருத்தம் இருந்தால் எழுதுங்கள்:

உதைப்பு (பெ.): மூச்சடக்கத்தின்போது கரியமில வாயு ஏறுவதால், மூடிய குரல்வளைக்கு எதிராக உதரவிதானம் தானாக வெட்டி இழுப்பது. ஆக்சிஜன் அளவைக் காட்டாது. காண்க: முதல் உதைப்பு, உதைப்பு அட்டவணை.

துடுப்படி (பெ.): துடுப்புக் காலணியால் நீரைத் தள்ளும் ஓர் அடிப்பு.

நினைவிழப்புக்கு முந்திய நிலையில் தலையும் கையும் ஆடுவதை முக்குளிப்பவர்கள் 'சம்பா' என்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அரிசி தவிர வேறு எதையும் நினைவூட்டாத அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் காரணத்தோடு வரவும்.