இரண்டரை மாசப் பாப்பாவுக்குத் தலை ஒரு பக்கம் சப்பையா இருக்கு, என்ன பண்றது?

திருப்பாதிரிப்புலியூர்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இதுதான் முதல் குழந்தை. அம்மா வீட்ல இருக்கேன். போன வாரம் பாப்பாவைக் குளிப்பாட்டித் துவட்டும்போதுதான் கவனிச்சேன், பின்மண்டை வலது பக்கம் உள்ளங்கையை வெச்சா அப்படியே பொருந்துது. அவ்வளவு சப்பை. இடது பக்கம் உருண்டையாத்தான் இருக்கு. சப்பையான இடத்துல முடியும் தேஞ்சுபோச்சு.

மல்லாக்கவே போட்டு வெச்சா இப்படித்தான் ஆகும், தூளியில போடுங்கறாங்க அம்மா. மாமியார் நெய்வேலியிலிருந்து கடுகுத் தலையணை தெச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. குளிப்பாட்ட வர ஆயா தினமும் எண்ணெய் வெச்சுத் தலையை அமுக்கி உருட்டறாங்க, பாப்பா வீறிட்டு அழுவுது. ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்ணும்போது மல்லாக்கத்தான் தூங்க வைக்கணும்னு நர்ஸம்மா கண்டிப்பா சொன்னாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது? மூளைக்கு ஏதாவது ஆகுமா? "பொம்பளப் புள்ளையாச்சே, சடை போட்டா பின்னாடி தெரியுமே"ன்னு சித்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

பாகூர்_ஆத்தா:

கண்ணு பயப்படாத. நான் மூணு பெத்தேன், மூணும் பழைய நூல் புடவைத் தூளியிலதான் வளந்துச்சு, மூணுக்கும் தேங்கா மாதிரி தலை. தூளியில எந்தப் பக்கமும் அமுங்காது. இது பேரன் டைப் பண்ணிக் குடுக்கறான், தப்பு இருந்தா அவனைத் திட்டுங்க.

முத்தியால்பேட்டைக்காரி:

தங்கச்சி, சித்தி சொன்னதை முதல்ல தூக்கி அந்தாண்ட போடு. என் பையனுக்கு இப்போ நாலு வயசு. அவனுக்கும் வலது பக்கம்தான், ரெண்டு மாசம் முடியறப்ப தெரிஞ்சது. மேலேருந்து பாத்தா தலை உருண்டையா இல்லாம ஒரு பக்கம் இழுத்துவிட்ட கட்டம் மாதிரி இருக்கும். வலது காது இடது காதைவிட கொஞ்சம் முன்னாடி தள்ளியிருந்துச்சு.

எங்க வீடு சந்துக்குள்ள, ஒரே ரூம். கட்டிலுக்கு இடது பக்கம் செவுரு, வலது பக்கம் ஜன்னல். வெளிச்சம் ஜன்னல்ல. மீன்காரம்மா கூவுற சத்தமும் அங்கேருந்துதான். நான் படுக்கறதும் வலது பக்கம். இதை எல்லாம் விட்டுட்டு அவன் எதுக்குச் செவுத்தைப் பாக்கப்போறான்? நாள் பூரா வலது பக்கமே திரும்பிக் கெடந்தான். இந்த வயசுல மண்டையோடு ஒரே எலும்பா ஒட்டியிருக்காது, தட்டுத் தட்டா இருக்கும், ஒரே இடத்துல கனம் விழுந்தா அங்க அமுங்கிடும். ஒரு தடவை அமுங்கிட்டா நேராப் படுக்க வெச்சாலும் தலை உருண்டு போய் அந்தச் சப்பையிலேயே நின்னுக்கும். அதனால நாள் ஆக ஆக அதிகமாத்தான் ஆகும்.

தடுப்பூசி போடப் போன இடத்துல (பேரு வேணாம்) ரெண்டு தடவை கேட்டேன். "தானா சரியாயிடும்மா", அவ்வளவுதான். தலையைத் தொட்டுக்கூடப் பாக்கல. எனக்கு இன்னும் அந்தக் கோவம் போகல. மூணு மாசம் பத்து நாள்ல வேற ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். அவங்க ஒரு கிலுகிலுப்பையை அவன் மூஞ்சிக்கு நேரா ஆட்டி மெதுவா இடது பக்கம் கொண்டுபோனாங்க. கண்ணு போச்சு, தலை பாதி வழியில நின்னுடுச்சு. அப்புறம் தோளையும் சேத்துத் திருப்பினான். என் விரலைப் பிடிச்சு அவன் கழுத்துல வெச்சுக் காட்டினாங்க, காதுக்குப் பின்னாடியிலிருந்து காரை எலும்பு வரைக்கும் ஒரு தசை வருமே, அது இடது பக்கம் மட்டும் கயிறு மாதிரி விறைப்பா இருந்துச்சு. டார்ட்டிகாலிஸ்னு சொன்னாங்க. இடது தசை இறுகினா மூஞ்சி வலது பக்கமே போகுமாம். பத்து வாரம் பிசியோவுக்குப் போனோம். நீட்டி விடற பயிற்சியை அவங்க எனக்கு முன்னாடி செஞ்சு காட்டி, என்னைச் செய்ய வெச்சுப் பாத்துட்டுதான் வீட்டுக்கு அனுப்பினாங்க. நீயா கழுத்தைப் பிடிச்சுத் திருப்பிப் பாக்காத.

வீட்ல செஞ்சது, அவனைத் தலைமாடு கால்மாடு மாத்திப் போட்டோம். ஜன்னல் இடது பக்கம் வந்துடுச்சு, நானும் அந்தப் பக்கமே படுத்தேன். தலை நல்லா இருக்கிற குழந்தைன்னா ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படின்னு மாத்திக்கிட்டே இருந்தாப் போதும். உன் பாப்பாவுக்கு வேடிக்கை எல்லாம் இப்போ இடது பக்கமே இருக்கட்டும். பாட்டில்ல குடுக்கறதா இருந்தா கை மாத்தி மாத்திக் குடு.

முழிச்சிருக்கும்போது குப்புறப் போடணும், பக்கத்துல நீ இருக்கணும். பாய்ல போட்டா என் பையன் ரெண்டு நிமிஷத்துல மூக்கை இடிச்சுக்கிட்டுக் கத்துவான். அதனால சாயங்காலம் அவங்கப்பா வந்து கை கால் கழுவினதும் அவர் நெஞ்சு மேலதான் குப்புறப் படுத்துப்பான். அவர் பேசப் பேசத் தலையைத் தூக்கித் தாடியைப் பாப்பான். முதல்ல மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம், அப்புறம் ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து அரை மணி வரைக்கும் வந்துச்சு.

தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான், அதுல பேச்சே கிடையாது. அமெரிக்காவுல 1994-லிருந்து ஊர் ஊரா சொல்லி மல்லாக்கப் படுக்க வெச்சாங்க. தொட்டில்ல தூங்கும்போதே காரணம் தெரியாம போயிடுற குழந்தைங்க எண்ணிக்கை அதுக்கப்புறம் பாதிக்குக் கீழ வந்துடுச்சு. சப்பைத் தலை அதிகமானதும் அதுக்கப்புறம்தான், உங்கம்மா சொல்றது பொய் இல்ல. ஆனா சப்பைத் தலையால எந்தக் குழந்தையும் சாகல.

பாகூர் ஆத்தா கோச்சுக்கக் கூடாது. தூளியில இந்த வயசுக் குழந்தைக்குத் தாடை நெஞ்சுல முட்டிக்கும், மூச்சுக்கு ஆகாது, துணியும் மூஞ்சியில மூடும். ராத்திரித் தூக்கத்துக்கு வேணவே வேணாம். கடுகுத் தலையணையும் அப்படித்தான். ஒரு வயசு வரைக்கும் எந்தத் தலையணையும் வேணாம்னுதான் எங்க டாக்டரம்மா சொன்னாங்க. தலையை உருட்டி எடுக்கறேன்னு விக்கிற பள்ளம் வெச்ச தலையணையை வாங்காதீங்கன்னு அமெரிக்காவுல மருந்து, மருத்துவச் சாமானை எல்லாம் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ. 2022-ல எச்சரிக்கையே விட்டுச்சு. எங்க மாமியார் தெச்சதை நான் பிரிச்சு அரைக் கிலோ கடுகையும் தாளிச்சே தீத்தேன், அவங்களுக்கு இன்னும் தெரியாது. ஆயாவைத் தலையை அமுக்க விடாத, அமுக்கி உருட்டற அளவுக்கு அது சப்பாத்தி மாவு இல்ல.

மூளையைப் பத்திக் கேட்டியே, படுக்கையால வர சப்பை மூளையை அமுக்காது. எலும்புத் தட்டு சேர்ற கோட்டுல வரப்பு மாதிரி மேடு தட்டுப்பட்டா, பொறந்தப்பவே தலை கோணலா இருந்தா, சப்பையான பக்கத்துக் காது முன்னாடி போகாம பின்னாடி இழுத்துக்கிட்டு இருந்தா அது வேற. தட்டு சீக்கிரமே ஒட்டிக்கிட்ட கேஸா இருக்கலாம், ஆபரேஷன் வரைக்கும் போகும். அதுக்காகத்தான் டாக்டர் கையால தொட்டுப் பாக்கணும்ங்கறது.

ஒரு வயசுல திருவந்திபுரத்துல மொட்டை போட்டோம். எண்ணெய் தடவுனப்ப லேசா தெரிஞ்சது. தேடித் தேடிப் பாத்த எனக்கு மட்டும்தான் தெரிஞ்சது.

ஓடி_அப்பா:

நானும் கடலூர்தான், ஓ.டி. (ஓல்டு டவுன்). தலையை உருண்டையாக்கக் குழந்தைக்கு மாட்டி விடற ஹெல்மெட்னு யாராவது சொன்னா அவசரப்படாதீங்க சகோதரி. எங்க பொண்ணுக்கு அஞ்சு மாசத்துல சென்னையில சொன்னாங்க. ஒரு நாளைக்கு 23 மணி நேரம் தலையில இருக்கணுமாம். அப்போ கத்திரி வெயில், கரண்ட் வேற போய்ப் போய் வரும். சொன்ன விலை என் பைக் விலையைவிட ஜாஸ்தி. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். நெதர்லாந்துல 84 குழந்தைங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சுப் பாத்து 2014-ல ரிசல்ட் போட்டிருக்காங்க. ரெண்டு வயசுல பாத்தா ஹெல்மெட் போட்டதுக்கும் போடாததுக்கும் தலை வடிவத்துல பெருசா வித்தியாசமே இல்ல. ரொம்ப மோசமான கேஸுங்களை அதுல சேக்கல, அதனால யாருக்குமே வேணாம்னு நான் சொல்லமாட்டேன். நாங்க போடல.

இன்னொண்ணு, கனடாவுல கால்கரியில 7-லிருந்து 12 வாரக் குழந்தைங்க 440 பேரைப் பாத்ததுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குச் சப்பை இருந்துச்சு. அதுலயும் வலது பக்கம்தான் ஜாஸ்தி. உங்க பாப்பா தனியா இல்ல.

திருப்பாதிரிப்புலியூர்_பொண்ணு:

அக்கா, அண்ணா, ஆத்தா எல்லாருக்கும் நன்றி. நேத்து பீரோ சாவிக்கொத்தை ஆட்டிப் பாத்தேன். இடது பக்கம் தோள் வரைக்கும் தாடையைக் கொண்டு வரா, கழுத்து எங்கயும் நிக்கல. காதும் அக்கா சொன்ன மாதிரி முன்னாடிதான் இருக்கு. அப்புறம் எதுக்கு வலது பக்கமேன்னு யோசிச்சுக்கிட்டே பாய்ல அவ பக்கத்துல நானும் மல்லாக்கப் படுத்துப் பாத்தேன். வலது பக்கம் டிவி. மத்தியானம் ஒரு மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் அம்மாவோட சீரியல்.

டிவியை நகர்த்த அம்மா ஒத்துக்கல. பாப்பாவைத்தான் தலைமாடு மாத்திப் போட்டோம். இப்போ இடது பக்கம் திரும்பிப் பாக்கறா, பாக்க வேணாம்னு அதுக்கும் ஒரு சண்டை ஓடுது. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட காட்டப் போறோம், கட்டாயம் தொட்டுப் பாக்கச் சொல்றேன். கடுகுத் தலையணை பீரோ மேல இருக்கு, மாமியார் வர அன்னைக்கு மட்டும் இறங்கும். தலையை அமுக்க வேணாம்னு சொன்னதுல ஆயாவுக்குத்தான் ரொம்பக் கோவம். மூக்கையாவது நீவி விடறேன்னு இன்னைக்குக் காலையில கேட்டாங்க.

முத்தியால்பேட்டைக்காரி:

மூக்கும் வேணாம்னு சொல்லு. காபி போட்டுக் குடுத்துட்டுச் சொல்லு.